கருங்காலி மாலை முதல் பஞ்சாமிர்த வாழை வரை: முருகனோட செடிகளைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்

ஓம் சரவணபவ.

போன வாரம் நம்ம குரூப்ல ஒரு தம்பி கேட்டான், "அண்ணா, ஒரிஜினல் கருங்காலி மாலை எங்க கிடைக்கும்?"னு. பதினஞ்சு நிமிஷத்துல வரிசையா லிங்க் வந்து விழுந்துச்சு. நான் ஒண்ணும் போடல. ஏன்னா நான் ஏற்கனவே ஒண்ணு வாங்கி ஏமாந்தவன். அந்தக் கதையிலிருந்தே இந்தப் பதிவை ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

நான் இருக்கிறது பாண்டி கோரிமேடு. படிச்சது இன்ஜினியரிங், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. செடிகொடி பத்தி பத்தாம் வகுப்பு புத்தகத்துக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது. ரெண்டு வருஷம் முன்னாடி தைப்பூச விரதம் இருந்தப்போ ஆன்லைன்ல 108 மணி கருங்காலி மாலை ஒண்ணு வாங்கினேன். சர்டிபிகேட் எல்லாம் கொடுத்தாங்க. மே மாசம் வந்துச்சு. பாண்டி வெயில் தெரியும்ல? ஒரு நாள் ஜிப்மர் வாசல்ல பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நின்னுட்டு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டினா, வெள்ளை பனியன்ல கழுத்தைச் சுத்தி ஒரு கறுப்பு வளையம். அம்மா சிரிச்சே ஓய்ஞ்சு போனாங்க.

மாலையை ஒரு சொம்புத் தண்ணியில போட்டுப் பார்த்தேன். தண்ணி கடுங்காப்பி மாதிரி ஆச்சு, மணி எல்லாம் மேல மிதந்துச்சு. நல்ல கருங்காலிக் கட்டை கனமானது, பெரும்பாலும் தண்ணியில மூழ்கிடும். (மூழ்குறதெல்லாம் கருங்காலின்னு நினைச்சுடாதீங்க, வேற சில கட்டைகளும் மூழ்கும். ஆனா இப்படிச் சாயம் இறங்கினா சந்தேகமே வேண்டாம்.)

கோபத்துல, உண்மையான கருங்காலி எப்படித்தான் இருக்கும்னு தேட உட்கார்ந்தேன். அங்கதான் முதல் குழப்பம். "கருங்காலி"ங்கிற ஒரே பேருக்கு ரெண்டு மரம் இருக்கு. ஒண்ணு, உள்கட்டை கன்னங்கரேல்னு இருக்கிற மரம். தாவரவியல் பேர் டயோஸ்பைரஸ் எபெனம். பீடி சுத்துற இலையைத் தர்ற மரம் இதுக்குப் பங்காளி. இன்னொண்ணு, முள்ளு இருக்கிற, வேல மரத்தோட சொந்தக்கார மரம். சித்த மருந்துக் கடையில கருங்காலின்னு கேட்டா பெரும்பாலும் இதோட பட்டையோ கட்டையோதான் கைக்கு வரும். கேரளாவுல ஹோட்டல்ல செம்பழுப்பா ஒரு தண்ணி வைப்பாங்களே, கரிங்காலி வெள்ளம், அது இந்தக் கட்டையைப் போட்டுக் காய்ச்சினது. தாம்பூலத்துக்குப் போடுற காசுக்கட்டி எடுக்கிறதும் இதிலிருந்துதான்.

ரெண்டுக்கும் குடும்பமே வேற. நம்ம பாஷையில சொன்னா, ஒரே வேரியபிள் பேருக்கு ரெண்டு ஆப்ஜெக்ட். மாலை விக்கிறவர் ஒரு மரத்தோட படத்தைப் போட்டுட்டு இன்னொரு மரத்தோட மருத்துவ குணத்தை எழுதி வெச்சிருப்பார். பொய் சொல்லணும்னு இல்ல, பாதிப் பேருக்கு ரெண்டு மரம் இருக்கிறதே தெரியாது.

கறுப்புக் கருங்காலியில இன்னொரு விஷயம் இருக்கு. மரம் முழுக்கக் கறுப்பு இல்ல. வெளிக்கட்டை வெளிர் நிறம்தான். நடுவுல இருக்கிற வைரம் மட்டும்தான் கறுப்பு, அதுவும் மரத்துக்கு வயசாக ஆகத்தான் சேரும். ரொம்ப மெதுவா வளர்ற மரம் இது. இந்தியாவுலயும் இலங்கையிலயும் இந்தக் கட்டையை வெளிநாட்டுக்கு விக்கத் தடை போட்டிருக்காங்க, அந்த அளவுக்குக் குறைஞ்சு போச்சு. ருத்ராட்சத்தை யோசிச்சுப் பாருங்க. அது பழத்தோட கொட்டை. பொறுக்கி மாலை கட்டினா மரம் அடுத்த வருஷமும் காய்க்கும். கருங்காலி மணி அப்படி இல்ல, உள்ள இருக்கிற வைரத்தை எடுக்கணும்னா மரம் விழுந்தாகணும். இது எனக்கு ஏன் முன்னாடியே தோணலன்னு இன்னமும் வெக்கமா இருக்கு.

சரி, உயிரோட ஒரு கருங்காலி மரத்தையாவது பார்க்கலாமேன்னு தோணுச்சு. ஆரோவில்ல மரம் நடுற வேலை செய்யற நண்பர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "இதுக்கு எங்கயும் தூரமா போக வேணாம், நம்ம ஊர்க் காட்டு மரம்தான் அது"ன்னார். கோரிமேட்டுல ஏது காடுன்னு கேட்டதுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்ல ஏறச் சொன்னார்.

ஈசிஆர்ல மரக்காணம் பக்கம் போனா, பாண்டியிலிருந்து 15 கி.மீ. கிட்ட கீழ்ப்புத்துப்பட்டு. அங்க மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில். நம்மள்ல பல பேருக்கு அது குலதெய்வம், மொட்டை போட போயிருப்பீங்க. கோயிலைச் சுத்தி ஒரு காடு இருக்கு. நானும் சின்ன வயசுல போயிருக்கேன், நிழல்ல உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டதோட சரி, நிமிர்ந்து பார்த்தது இல்ல. ஒரு காலத்துல இந்தக் கிழக்குக் கடற்கரை ஓரமா நீளத்துக்கும் இருந்த காட்டோட மிச்சம் அது. வருஷத்துல பாதி நாள் மழையே இருக்காது, ஆனாலும் மரம் எல்லாம் பச்சையாவே இருக்கும். இலை தடிப்பா, மெழுகு தடவின மாதிரி, தண்ணியை விடாம பிடிச்சு வெச்சுக்கும். உயரம் அதிகம் இல்ல, ஆனா நெருக்கம். உள்ள போனா வெளியில அடிக்கிற வெயில் ஒண்ணுமே தெரியாது. இந்த வகைக் காடு இப்ப மிஞ்சியிருக்கிறது துண்டு துண்டாத்தான், அதுவும் பெரும்பாலும் இந்த மாதிரி கோயில் காடுகள்ல. சாமி காடு, குச்சியை ஒடிக்கக் கூடாதுன்னு ஒரு பயம் இருந்ததால தப்பிச்சது. பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்து ஆளுங்க பல வருஷமா இங்க வந்து மரம் மரமா எண்ணி, அளந்து எழுதியிருக்காங்க.

நண்பர் காசா, வீரை, பாலைன்னு பேர் சொல்லிக்கிட்டே நடந்தார். எனக்கு எல்லாமே "பச்சையா ஒரு மரம்"தான். ஆனா அவருக்கு ஒவ்வொண்ணும் ஒரு வேலை. இதோட கட்டை ஏருக்கு, இதோட பழம் ஆடு மேய்க்கிற பசங்களுக்கு, இதோட இலை புண்ணுக்கு. இந்தக் காட்டு வகையோட மரங்கள்ல கருங்காலியும் ஒண்ணு. ஆரோவில் நாற்றங்கால்ல ஒரு கன்று காட்டினார். ஒரு சாண் உயரம். "வயசு?"னு கேட்டேன். "ரெண்டு."

அன்னிக்கு ராத்திரி ஒரு எக்செல் ஃபைல் திறந்தேன். முருகனுக்கு நாம சம்பந்தப்படுத்துற செடிகள் எல்லாத்தையும் எழுதினேன். கடம்பு, காந்தள், வெட்சி, குறிஞ்சி, வேங்கை, தினை. பக்கத்துல மூணு காலம்: நேர்ல பார்த்திருக்கேனா, மக்கள் எதுக்குப் பயன்படுத்துறாங்க, இப்ப எங்க இருக்கு. வெட்சி மட்டும் தப்பிச்சது, இட்லிப்பூன்னு நம்ம தெருவுலயே இருக்கு. மத்ததுல முக்கால்வாசி காலியா கிடந்துச்சு. தினம் "கடம்பா"ன்னு கூப்பிடறேன், கடம்ப மரத்தைப் பார்த்ததில்ல.

கடம்புலயும் கருங்காலி மாதிரியே பேர்க் குழப்பம்தான். பந்து மாதிரி மஞ்சள் பூ பூக்கிற வெள்ளைக் கடம்பு ஒண்ணு. அதே மாதிரி, ஆனா சின்னதா உருண்டையா பூக்கிற நீர்க்கடம்பு ஒண்ணு. சரம் சரமா செவப்புப் பூ தொங்குற செங்கடம்பு இன்னொண்ணு, இது ஏரி, ஆத்தங்கரை மரம். திருமுருகாற்றுப்படையில முருகன் மார்புல கடம்ப மாலை புரளுது, பூவோட உருண்டை வடிவத்தையும் நக்கீரர் சொல்லிடறார். அதனால சரமா தொங்குற செங்கடம்பு அது இல்லன்னு நான் நினைக்கிறேன். உருண்டையான ரெண்டுல எதுன்னு அறிஞர்களுக்குள்ள இன்னும் பேச்சு இருக்கு. கபிலரோட குறிஞ்சிப்பாட்டுல 99 பூவோட பேர் வரிசையா வருதே, அதுலயும் இதே கதைதான். பேர் பாட்டுல பத்திரமா இருக்கு, எந்தச் செடின்னு காட்டத்தான் ஆள் தேட வேண்டியிருக்கு.

அந்த 99-ல முதல் பேர் செங்காந்தள். அதைப் பத்தி நான் நின்னு சொல்லியே ஆகணும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு பக்தி குரூப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு. செங்காந்தள் முருகனுக்கு உகந்த மலர், அதோட கிழங்கு மூட்டுவலிக்குக் கைகண்ட மருந்து, எந்தப் பக்க விளைவும் இல்லாத இயற்கை மருந்துன்னு வேல் படத்தோட. அதை அம்மாவுக்கு அனுப்பினது வேற யாரும் இல்ல, நான்தான். படிக்காம அனுப்பினேன், "அம்மாவுக்கு யூஸ் ஆகும்"னு. அம்மா மரக்காணம் பக்கத்து அத்தைகிட்ட சொல்ல, அவங்க வேலியில படர்ந்திருந்த கொடியைத் தோண்டி, கிழங்கை மஞ்சப்பையில போட்டு பஸ்ல கொடுத்து விட்டாங்க. பார்க்க சின்ன சேனைத்துண்டு, சக்கரைவள்ளி மாதிரிதான் இருந்துச்சு, ஏர்க்கலப்பை கணக்கா வளைஞ்சு. அதனாலதான் அதுக்குக் கலப்பைக் கிழங்குன்னு பேர். அம்மா அதைக் கழுவி வெச்சிருந்தாங்க. எதிர் வீட்டு அக்கா நர்ஸ். தோசை மாவு வாங்க வந்தவங்க அதைப் பார்த்துட்டுக் கையிலிருந்து பிடுங்காத குறை. "யாரு உங்களுக்கு இதைச் சொன்னது?"னு கேட்டப்போ அம்மா என்னைக் காட்டிக் கொடுக்கல. நானே சொன்னேன்.

அந்தக் கிழங்குல கால்சிசின்னு ஒரு ரசாயனம் இருக்கு. நம்ம உடம்புல செல் ஒண்ணு ரெண்டா பிரியும்போது, குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுக்க நூல் மாதிரி ஒரு அமைப்பு உருவாகும். கால்சிசின் அந்த நூல் உருவாகவே விடாது. அதனால எந்த செல் வேகமா பிரியுதோ அது முதல்ல அடி வாங்கும். குடல் உள்சுவர், எலும்பு மஜ்ஜை, முடியோட வேர். வாந்தி, வயித்துப்போக்குல ஆரம்பிச்சு ஒவ்வொரு உறுப்பா நின்னு போகும். இதுக்குன்னு கைக்குக் கிடைக்கிற மாத்து மருந்து கிடையாது. தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் வள்ளிக்கிழங்குன்னு நினைச்சு தின்னு போய்ச் சேர்ந்தவங்க உண்டு.

அதே கால்சிசின், மில்லிகிராம்ல அளந்து கொடுத்தா, கௌட்ங்கிற மூட்டு வீக்கத்துக்கு உலகம் முழுக்க டாக்டருங்க எழுதித் தர்ற மாத்திரை. ஃபார்வர்ட் எழுதினவர் எங்கயோ பாதி உண்மையைக் கேட்டிருக்கார். அதனாலதான் தமிழ்நாட்டோட மாநில மலரான இந்தச் செடியை விவசாயிங்க தோட்டம் போட்டு வளர்க்கிறாங்க. அடுத்த தடவை பழனி போகும்போது ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் கண்ணைத் திறந்து வெச்சுக்கோங்க. பந்தல்ல நெருப்பு மாதிரி பூத்திருக்கும். அங்க அதுக்குப் பேர் கண்வலிக்கிழங்கு. பூவுக்குப் பூ கையால மகரந்தம் தொட்டு வெச்சு, காய் பிடிக்க வெச்சு, விதையை மருந்து கம்பெனிங்களுக்கு அனுப்புறாங்க. பயிர் செய்யறவங்க விதைக்குத்தான் மெனக்கெடுறாங்க. காட்டுல, வேலியில கிடக்கிறதைத் தோண்டுறவங்க கிழங்கையே எடுத்துடறாங்க, அதோட அந்தக் கொடி அங்க முடிஞ்சுது.

இன்னொரு வேடிக்கை. விதை இல்லாத தர்பூசணி சாப்பிடறோமே, அதை உருவாக்குறதுக்கும் கால்சிசின்தான். செல் பிரியாம நிறுத்தினா குரோமோசோம் ரெட்டிப்பாகும், அதை வெச்சு அந்த ரகத்தை உண்டாக்குறாங்க. ஒரே செடி, கொல்லும், வலியைத் தீர்க்கும், தர்பூசணியில விதையை எடுக்கும். நாம "முருகன் பூ"ங்கிற ஒரு வார்த்தையோட நிறுத்திக்கிறோம்.

(வேங்கைக் கட்டை டம்ளர்ல ஊத்தி வெச்ச தண்ணியைச் சக்கரை நோய்க்குக் குடிக்கிறவங்களும் குரூப்ல இருக்கீங்க. குடிங்க, ஆனா டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திட்டுக் குடிக்காதீங்க. வள்ளி கதையில முருகன் மரமா நின்னாரே, அது வேங்கைதான். அவர் மருந்தை நிறுத்தச் சொல்லல.)

இப்ப பழனிக்கு வரேன். பஞ்சாமிர்தம் பிடிக்காதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க. 2019-ல அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. தமிழ்நாட்டுல கோயில் பிரசாதம் ஒண்ணுக்கு அது கிடைச்சது அதுதான் முதல் தடவை. அதுல போடுற வாழைப்பழம் ஏதோ ஒரு வாழைப்பழம் இல்ல, விருப்பாட்சி. பழனி மலைச்சரிவுல, காப்பித் தோட்டத்துக்கு நடுவுல, மர நிழல்ல வளர்ற சின்னப் பழம். தண்ணிச் சத்து கம்மி, அதனால சொட்டுத் தண்ணி சேர்க்காம பிசைஞ்ச பஞ்சாமிர்தம் நாள் கணக்குல கெடாம நிக்குது. பூவன் பழத்துல வீட்டுல பண்ணிப் பாருங்க, ரெண்டு நாள்ல புளிச்சுடும். நான் பண்ணிப் பார்த்தவன்.

அந்த விருப்பாட்சி ஒரு காலத்துல நம்ம கையை விட்டே போக இருந்துச்சு. 1970-கள்ல முடிக்கொத்து நோய்னு ஒரு வைரஸ் நோய் மலை வாழையைத் தாக்குச்சு. இலையெல்லாம் குறுகி, உச்சியில கொத்தா நின்னுடும். குலை தள்ளாது. வந்த மரத்துக்கு வைத்தியம் கிடையாது, வேரோட தோண்டி அழிக்கணும். ஒரு சின்ன அசுவினிப் பூச்சி மரத்துக்கு மரம் பரப்பும். அதைவிட மோசம், நாம நடுற கன்று வழியாவே பரவும். ஏன்னா நாம சாப்பிடற வாழைக்கு விதை கிடையாது. தாய் மரத்தோட பக்கக் கன்றைப் பிரிச்சு நடறோம். அந்தக் கன்று புதுப் பிள்ளை இல்ல, அதே தாயோட நகல். தாய்க்கு வைரஸ் இருந்தா கன்றுக்கும் இருக்கும். தோட்டம் தோட்டமா போச்சு. அப்புறம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் நோய் இல்லாத செடியிலிருந்து திசு வளர்ப்புல கன்று எடுத்துக் கொடுத்து, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மீண்டு வந்துச்சு. மலைமேல தடியன்குடிசையில அவங்க ஆராய்ச்சி நிலையம் இருக்கு.

இந்த நகல் விஷயத்தை ஐடி பசங்களுக்கு விளக்கவே வேணாம். ஒரே கோடை எல்லா சர்வர்லயும் காப்பி பண்ணி வெச்சா, ஒரு பக் போதும், எல்லாமே ஒரே ராத்திரியில படுத்துடும். உலகத்துல அது நடந்திருக்கு. போன நூற்றாண்டு நடுவுல வரைக்கும் வெளிநாட்டுக் கடைகள்ல வித்தது கிரோ மிஷேல்னு ஒரே ரகம். மண்ணுல இருக்கிற பனாமா வாடல் நோய்ப் பூஞ்சை வந்து அந்த வியாபாரத்தையே முடிச்சுது. அந்த இடத்துக்கு, நோயைத் தாங்கும்னு கேவண்டிஷைக் கொண்டு வந்தாங்க. இப்ப நம்ம சூப்பர் மார்க்கெட்ல ஒரே நீளத்துல, ஒரே மஞ்சள்ல இருக்குதே, அது. இன்னிக்கு அதையும் தாக்குற புது வகைப் பூஞ்சை கிளம்பி, சில வருஷம் முன்னாடி பீகார், உத்தரப்பிரதேசம் வரைக்கும் வந்துடுச்சு.

இதுக்கு எதிரா நம்மகிட்ட இருக்கிற கையிருப்பு என்னன்னா, இன்னும் சாகாம இருக்கிற மத்த ரகங்கள். பொரியலுக்கு மொந்தன், சாமிக்குப் பூவன், குழந்தைக்கு ஏலக்கி, பாட்டிங்க மருந்துன்னு சொல்ற பேயன், அப்புறம் காட்டுல யாரும் தின்னாத, கொட்டை நிறைஞ்ச காட்டு வாழை. நோயைத் தாங்குற குணம் அதுல எதுல ஒளிஞ்சிருக்குன்னு முன்கூட்டி யாருக்கும் தெரியாது. திருச்சியில மத்திய அரசோட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-லிருந்து இருக்கு. நூத்துக்கணக்கான ரகங்களை நட்டு உயிரோட வெச்சிருக்காங்க. அதை என்னால ஒரு பேக்கப்பாதான் பார்க்க முடியுது, பஞ்சாமிர்தத்தோட பேக்கப்.

தினைக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. வள்ளி காவல் காத்தது தினைப்புனம். கொல்லிமலையில செந்தினை, பெருந்தினை, கோரந்தினைன்னு தினையிலயே பல ரகம் இருந்துச்சு. ஒண்ணு சீக்கிரம் விளையும், ஒண்ணு மழை கம்மியானா தாங்கும். அப்புறம் ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி போட்டா கையில காசுன்னு ஆனதும் தினைக்காடு சுருங்கிப் போச்சு. விவசாயியைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல, நானும் காசுக்குத்தான் வேலை பார்க்கிறேன். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள்லிருந்து அங்க மலைவாழ் மக்களோட சேர்ந்து அந்த விதைகளைக் காப்பாத்திட்டு வருது. நாம கந்த சஷ்டிக்குத் தேனும் தினைமாவும் படைக்கிறோம். எங்க வீட்டுல இத்தனை வருஷமா வாங்கினது "தினை"ன்னு மட்டும் எழுதின பாக்கெட். எந்தத் தினைன்னு கடைக்காரரைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

குறிஞ்சியை நான் இன்னும் பார்க்கல. 12 வருஷத்துக்கு ஒரு தடவை மலையே நீலமா பூத்து, விதை போட்டுட்டுச் செடி செத்துடும். கொடைக்கானல்ல 2006, 2018-னு பூத்தது. 1936-ல கட்டின குறிஞ்சி ஆண்டவர் கோயில் அங்க இருக்கு. அடுத்தது 2030. வாட்டில், பைன், யூகலிப்டஸ்னு நட்டு மூடாம மிச்சம் இருக்கிற புல்வெளி அதுவரைக்கும் அப்படியே இருக்கணும்.

அந்தத் தம்பிக்கு என்ன பதில் போட்டேன்னு கேப்பீங்க. மாலை லிங்க் அனுப்பல. ஒரு போட்டோ அனுப்பினேன். ஆரோவில்லிலிருந்து வாங்கிட்டு வந்த கருங்காலிக் கன்று, எங்க தெரு முருகன் கோயில் பின்னாடி, குருக்கள்கிட்ட கேட்டு நட்டது. போன வருஷம் ஒரு ஆடு வந்து நுனியைக் கடிச்சுட்டுப் போயிடுச்சு. இப்ப சுத்தி முள்ளு கட்டியிருக்கோம். அம்மா சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது ஒரு சொம்பு தண்ணி ஊத்துவாங்க, அந்தச் சாய மாலையைப் போட்டுப் பார்த்த அதே சொம்பு. இன்னும் என் முழங்கால் உயரம்கூட வரல. போன கிருத்திகைக்கு குருக்கள் அதைக் குனிஞ்சு பார்த்துட்டுக் கேட்டார், "ஏம்பா, இதுல எப்ப மாலை பண்ணலாம்?"

"நம்ம காலத்துல இல்ல சாமி"ன்னேன். அவர் தலையாட்டிட்டு, கன்னுக்கு ஒரு சிட்டிகை விபூதி போட்டுட்டு உள்ள போனார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.